கண்ணிவெடியும் சாதிச் சான்றிதழும்

மிலிட்டரியிலிருந்து வந்தவனைப் பார்த்து எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பயமா இல்லியாப்பா?" என்பதுதான். நான் மெட்ராஸ் சாப்பர்ஸில் பதினேழு வருஷம் இருந்தேன். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே எங்க சேரி. இந்தக் கேள்வி வந்தால் எனக்கு முந்திக்கொண்டு எங்க ஆயா பதில் சொல்லும்: "அவனுக்கு ஆண்டவரு கீறாரு. இன்னாத்துக்குப் பயம்?" ஆயா சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை நான்தான் எழுத வேண்டும்.

2001 டிசம்பர் 13-இல் பாராளுமன்றத்தில் தாக்குதல் நடந்தது. அதையொட்டி எல்லை நெடுகப் படை போய் நின்றது. 'ஆபரேஷன் பராக்ரம்' என்று பேர். சண்டை வரவில்லை. வரப்போகிற சண்டைக்காகக் கண்ணிவெடி மட்டும் புதைத்தாயிற்று. புதைத்ததும் நாங்கள்தான், 2002 கடைசியில் படை திரும்புகிறபோது தோண்டியெடுக்கச் சொன்னதும் எங்களைத்தான். எங்கள் கம்பெனி ராஜஸ்தானில் இருந்தது. புதைக்கும்போது வரைபடத்தில் குறித்து வைப்போம், இந்தக் கல்லிலிருந்து இத்தனை அடி என்று. ஆனால் பாலைவனத்தில் மணல் நகரும், அதோடு வெடியும் நகரும். காலை எடுக்கிற சின்ன வெடி பிளாஸ்டிக்கில் செய்தது. அதில் உலோகம் கொஞ்சம்தான். கருவி சத்தம் போட்டால் போடும், போடாமலும் போகும். அதனால் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியை மணலில் சாய்வாகச் செருகித் துழாவ வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்துக் குத்தினால் விலாவில் இடித்து நிற்கும். ஒரு முழம் நகர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சட்டைப் பையில் 91ஆம் சங்கீதம் இருந்தது. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது வாயால் சொல்ல, தங்கச்சி நோட்டுத்தாளில் எழுதி அனுப்பியது. அந்தத் தாள் வெடியைத் தடுக்கும் என்று நான் ஒருநாளும் நம்பவில்லை. பக்கத்துக் கம்பெனியில் கால் போனவனும் ஜெபம் பண்ணுகிறவன்தான். நான் நம்பினது வேறு. இந்த மணலில் நான் தனியாகப் படுத்திருக்கவில்லை, வெடித்தாலும் தனியாகப் போகமாட்டேன். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது, கை நடுங்கவில்லை. எனக்கு அடுத்த வரிசையில் படுத்திருந்த ஆந்திராக்காரப் பையன் வெங்கடாசலபதி படம் வைத்திருந்தான். அவன் கையும் நடுங்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பர்ஸில் சேருகிறவனுக்குச் சுபேதார் சுப்பிரமணியன் கதையைச் சொல்வார்கள். காஞ்சிபுரம் பக்கத்து ஆள். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் பாய்ந்து விழுந்தார். செத்த பிறகு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களில் அதை முதலில் வாங்கியவர் அவர். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று எங்கள் கம்பெனியில் யாரும் கேட்டதில்லை.

இந்தப் படையில் நம்ம ஆள்கள் எப்படி வந்தார்கள் என்பது தனிக்கதை. 1780-இல் 'மெட்ராஸ் பயனியர்ஸ்' என்று தொடங்கியது. பாலம் கட்ட, பாதை போட, மண் வெட்ட. பறையரும் கிறித்தவரும் அதில் நிறையச் சேர்ந்தார்கள். பிறகு ராபர்ட்ஸ் துரை 'வீர இனம்' என்று வடக்கே ஆள் தேடியபோது மெட்ராஸ் காலாட்படைகள் பலவும் போயின. மகாராஷ்டிரத்தில் மகர்களைச் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். அம்பேத்கரின் அப்பா சுபேதாராக இருந்த படை அது. சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. மண் வெட்ட ஆள் வேண்டுமே!

எங்க தாத்தாவும் சாப்பர்தான். பர்மாவில் ரோடு போட்டவர். லீவில் வந்தபோது பூட்ஸோடு ஊர்த்தெருவில் நடந்துவிட்டார் என்று கட்டிவைத்து அடித்தார்கள். ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி வந்தவருக்கு வேலங்கண்ணா பூட்ஸை அவிழ்க்கச் சொன்ன கை வலித்தது போலிருக்கிறது, கடைசிவரை செருப்புப் போடாமலே செத்தார். நைனா இதைச் சொல்லும்போதெல்லாம் ஆயா எழுந்து வெளியே போய்விடும்.

2012 ஐப்பசியில் ஆயா செத்தது. எங்கள் கல்லறைக்குப் போக ஊர்த்தெரு வழியாக அரை மைல். ஆனால் நாங்கள் காலங்காலமாகக் கழனியில் இறங்கித்தான் பொணம் தூக்குவோம். அன்றைக்குக் கழனியில் இடுப்பளவு தண்ணி. "இந்தவாட்டி தெருவுல போலாம்" என்றேன். பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். பாதிரியார், "சமாதானமா முடிச்சுக்கலாம் தம்பி" என்றார். நான் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றேன். பையன்கள் பெட்டியைத் தூக்கினார்கள்.

தெருமுனையில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அதில் பாதிப்பேர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "மிலிட்டரிக்குப் போனா நீ பெரிய இவனா?" என்று ஒருத்தன் கேட்டான். அப்போது எனக்குக் கால் நடுங்கியது. ராஜஸ்தானில் நடுங்காத கால். அங்கே வெடிக்கு என்னைத் தெரியாது, இவர்களுக்கு என்னை நன்றாகத் தெரியும். ஆயா சொல்லிக்கொடுத்த சங்கீதத்தை வாய்விட்டுச் சொன்னேன். எனக்குப் பின்னால் பொம்பளைங்க சொன்னார்கள், பிறகு எல்லோரும். நடந்தோம். இரண்டு கல் வந்து விழுந்தது. போலீஸ் வந்து சேர்வதற்குள் ஆயாவைக் குழியில் இறக்கிவிட்டோம். அடுத்த மூணு மாசம் சிப்காட்டுக்கு ஆள் எடுக்கிற லேபர் கான்ட்ராக்டர் எங்கள் சேரியில் ஒருத்தரையும் வேனில் ஏற்றவில்லை. அந்தச் செலவை என் பென்ஷன் மட்டும் தாங்கவில்லை, எல்லோருந்தான் தாங்கினார்கள்.

கோயிலுக்குள்ளும் இதே கதைதான் என்று தெரியும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்கு நடுவே சுவர் வைத்தவர்கள் கிறித்தவர்கள்தானே. சட்டம் மட்டும் கிறித்தவனுக்குச் சாதி போய்விட்டது என்கிறது. 1950 ஆணையில் இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரை. நம்மைச் சேர்க்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, ஆதிதிராவிடத் தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடையைத் தனக்கும் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-இல் இல்லை என்று தீர்ப்பு. இதை ஆராய 2022-இல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள்.

மகளுக்குச் சான்றிதழ் வாங்கப் போனேன். "இந்து ஆதிதிராவிடர்னு போட்டுக்க சார், எல்லாரும் அப்பிடித்தான் போடறாங்க" என்றார் எழுதிக்கொடுக்கிறவர், நல்லெண்ணத்தில்தான். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான், தாளில் ஒரு பேர், கோயிலில் ஒரு பேர். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் கிறித்தவர் என்று எழுதினேன். பி.சி. சான்றிதழ் வந்தது. மகள் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெருவுல கல்லு வுட்டப்போ என்னையும் சேத்துத்தானேப்பா வுட்டாங்க?" என்றாள். "உன் தைரியத்துக்கு நான் ஏன் மார்க்கு குடுக்கணும்?"