கொள்ளு காயும் சாலையில் 40 குதிரைத்திறன்

சேந்தமங்கலம் தாண்டினால் இருபுறமும் மரவள்ளிக் காடு, எதிரே கொல்லிமலை. புது ஹிமாலயன் 450 வண்டியை வாங்குமுன் ஓட்டிப் பார்க்க நாமக்கல்லில் இருந்து வந்த இளைஞருக்கு இங்கேதான் கை துறுதுறுத்தது. 452 சி.சி. எஞ்சின், 40 குதிரைத்திறன். தோட்டத்துக்குப் புல்லுக்கட்டு ஏற்றிப் போகும் 100 சி.சி. வண்டியைப்போல ஐந்து மடங்கு!

ஆனால் தை, மாசியில் கிராமத்துத் தார்ச்சாலை பாதி களம்தான். பிடுங்கிய கொள்ளுச் செடியைப் பரப்பிவிட்டு, ஓரமாக நின்றிருந்தார் ஒரு பாட்டி. "நீ ஒதுங்கிப் போ கண்ணு, பஸ்ஸு ஏறட்டும்." செடி மிதிபட பைக் போதாது; ஆள் விழ மட்டும் போதும். மேலே காய்ந்த கொடி வழுக்கும், அடியில் மணி உருளும். சக்கரம் இறுகி நிற்காமல் ஏ.பி.எஸ். பார்த்துக்கொள்ளும், இல்லாத பிடிமானத்தை அது எங்கிருந்து தரும்? சாய்ந்தால் 196 கிலோ.

பொதுக்களம் இல்லாத ஊரில் விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால், செடியைச் சுற்றி வைக்கிற கல்லையும் முள்ளையும் இருட்டுமுன் எடுத்துவிட வேண்டும். ராத்திரி வருகிறவருக்கு அது தெரியாது.

இளைஞர் இரண்டாம் கியரில், பிரேக்கைத் தொடாமல் உருட்டிக் கடந்தார். காரவள்ளியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. வண்டியின் பலத்துக்கு அங்கேதான் வேலை. மிளகு மூட்டையோடு ஒரு லாரி, ஹாரன் அடித்தபடி இறங்கி வந்துகொண்டிருந்தது.