வேனை ஏன் தரவில்லை என்று கேட்டவர்களுக்கு



போன சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு பக்கத்துத் தெருச் சகோதரர் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். அவருடைய வாப்பாவுக்குத் திங்கட்கிழமை கண்டியில் கிளினிக். முள்ளந்தண்டில் வருத்தம். இருக்க ஏலாது, படுத்துக்கொண்டுதான் போக வேண்டும். "வேன ஒரு நாளைக்குத் தாங்க சேர், டீசல் நான் அடிக்கிறன்" என்றார். நாங்கள் ஏலாது என்றோம். காரணத்தைச் சொல்லத் தொடங்கினோம், அவர் பாதியிலேயே எழும்பிவிட்டார். படியில் இறங்கும்போது, "உங்கட வாப்பா இருந்திருந்தா இப்படிச் சொல்லிரிக்க மாட்டார்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் கதை கடைத்தெருவுக்கும் போய்விட்டது. ரெண்டு டீச்சரும் வேனை விற்கப் போகிறார்களாம், அதனால்தான் பொத்தி வைத்திருக்கிறார்களாம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேனின் வரலாறு ஊரில் அநேகமானோருக்குத் தெரியும். 2017இல் வாங்கிய பழைய டவுன்ஏஸ். வாப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு குறையத் தொடங்கிய வருசம் அது. மாதம் ஒரு முறை கண்டிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒரு தடவை கூட்டிப்போனோம். மகாஓயா தாண்டும் முன்பே அவர் அழுதுவிட்டார். வாப்பா அழுது அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. அதன் பிறகுதான் இந்த வேனை வாங்கி, பின் சீட்டுகளை மடித்து, அதற்கு மேல் பலகை அடித்து, ஆறு அங்குல மெத்தை போட்டோம். ஒரு பக்கம் சின்ன அலுமாரி, வுழு எடுக்கக் குழாய் வைத்த தண்ணீர்க் கேன், கஞ்சி சூடாக்க 5 கிலோ சிலிண்டரில் ஓடும் ஒற்றை அடுப்பு, ஜன்னல்களுக்கு உம்மா தைத்த திரை. வெளிநாட்டில் இப்படிப்பட்ட வாகனங்களுக்குப் பெரிய பெயர்கள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் வைத்த பெயர் "ஓடுற ஊடு".

வாப்பா அந்த மெத்தையில் படுத்துக்கொண்டு மூன்று வருடத்துக்கு மேல் கண்டிக்குப் போய் வந்தார். இடையில் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வேனைக் கொடுத்தார். இடுப்பு முறிந்தவர், சிசேரியன் முடிந்து வீடு வந்த பிள்ளை, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு மூத்தம்மா. ஆகவே அந்தச் சகோதரர் சொன்னது பொய்யில்லை. வாப்பா கொடுத்திருப்பார். ஆனால் வாப்பா இருந்த காலத்தில் வேன் ஒவ்வொரு மாதமும் ஓடியது. நிற்கும் வேனுக்கு என்ன நடக்கும் என்று பார்க்க அவர் இருக்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேன் வளவில் நின்றது. நாங்கள் செய்த முதல் பிழை தென்னைக்குக் கீழே விட்டது. (முன் கண்ணாடி போனது. சிரிக்க வேண்டாம்.) இரண்டாவது பிழை, அதன் பிறகு பிளாஸ்டிக் தறப்பாள் போட்டு இறுக்கிக் கட்டியது. வெயிலுக்கும் மழைக்கும் நல்லதென்றுதான் நினைத்தோம். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மெத்தை முழுக்கப் பூஞ்சணம் பிடித்து, கூரை ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் போட்டு, திறந்தபோது அடித்த மணத்தில் உம்மா வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டார். கடற்காற்று அடிக்கும் ஊரில் வாகனத்தைப் போர்த்துவதை விட, மேலே தகரக் கூரையும் நாலு பக்கமும் காற்றும் உள்ள கொட்டில் போதும். இப்போது மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்தி வைக்கிறோம். திரைகளைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துவிடுகிறோம். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி, அந்த இடைவெளிக்குக் கம்பி வலை அடித்திருக்கிறோம். வலை எலிக்காக. அடுப்புப் பக்கம் சிந்திக் கிடந்த பிஸ்கட் தூளுக்கு வந்த எலிகள்தான் பிறகு வயர்களில் பல் வைத்தன. பூச்சி உருண்டை போட்டும் பார்த்தோம். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்குத்தான் தலையிடி வந்தது.

2021 கடைசியில் வாப்பா மௌத்தானார். அதற்குப் பிறகு பல மாதம் வேன் பக்கமே நாங்கள் போகவில்லை. போக மனம் வரவில்லை என்பதுதான் சரி.

அந்தக் காலத்தில்தான் நாட்டில் அங்கங்கே கேஸ் சிலிண்டர், அடுப்பு வெடிப்புகள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. வேனுக்குள் ஒரு சிலிண்டர் இருக்கிறது என்ற நினைவு எங்களுக்கு ஒருநாள் இரவுதான் வந்தது. டோர்ச் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தோம். இலேசான மணம். குழாய் வெடித்துக் கிடந்தது, ரெகுலேட்டர் மூடப்படாமல் இருந்தது. சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. மேலெழும்பாது, தரையில் தேங்கும். தண்ணீர் ஒழுகாமல் நாங்கள் தரை விரிப்பை ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தோம், ஆகவே அது இறங்கிப் போகவும் வழியில்லை. உள் லைட் சுவிட்சில் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே இப்போதும் பயம். எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டு, ஒரு மணித்தியாலம் தள்ளி நின்றோம். இப்போது சிலிண்டர் பயணத்தில் மட்டும்தான் வேனில் ஏறும். நிமிர்த்திக் கட்டி, ஓடும்போது மூடி வைப்போம். வீடு வந்ததும் இறக்கிவிடுவோம். அடுப்புக்குக் கீழே தரையோடு ஒட்டி ஒரு காற்றுத் துவாரமும் வெட்டியாயிற்று. குளிர் என்று சொல்லி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் தூங்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவு செய்து விட்டுவிடுங்கள். அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

2022ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கியூஆர் முறை வந்தபோது வேனுக்கு வாரம் 20 லீற்றர். அதை மோட்டார் சைக்கிளோடும் பள்ளிக்கூடத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்து, வேனைத் தொடவேயில்லை.

இனி விசயத்துக்கு வருகிறோம்.

2023 தொடக்கத்தில் உம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கண்டிக்குக் கூட்டிப்போக வேனை எழுப்பினோம். புது பெற்றரி போட்டோம், என்ஜின் ஒயில் மாற்றினோம், டயருக்குக் காற்று அடித்தோம், முன்னும் பின்னும் கழுவினோம். ஸ்டார்ட் ஆனது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டோம். ஓடுவதற்கு வேண்டியதையெல்லாம் பார்த்தோம், நிற்பதற்கு வேண்டியதைப் பார்க்கவில்லை.

போகும்போது ஏற்றம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது ஹுன்னஸ்கிரிய தாண்டி மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு. எங்களில் ஒருவர் ஸ்டியரிங்கில், மற்றவர் பின்னால் கண்ணில் கட்டுப் போட்ட உம்மாவோடு. மூன்றாம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கிக்கொண்டிருந்தோம். கண் தெரியாவிட்டாலும் வேன் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உம்மா ஸலவாத்துச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு என்று அவர் சொன்ன இடத்தில் பிரேக் மெத்தையில் கால் வைத்த மாதிரி அமுங்கிப் போனது. அடுத்த மிதி தரையோடு போய் நின்றது.

முன்னால் ஒரு லொறி. இடப் பக்கம் மலை, வலப் பக்கம் வெறும் வெளி. ஹாண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டாம் கியருக்குத் தள்ளியபோது என்ஜின் கத்தியது. வேனை மலைப் பக்கக் காணுக்குள் இறக்கினோம். சில்லு காணில் விழுந்து, பக்கவாட்டுத் தகடு பாறையில் உரசி நின்றது. அலுமாரி திறந்து தட்டு கோப்பையெல்லாம் உம்மாவின் காலடியில். "எட்டு எங்க?" என்று உம்மா கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

மகியங்கனையிலிருந்து வந்த பாஸ் ஒருவர் சில்லைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் ஒயில் தேயிலைச் சாயம் மாதிரி இருந்தது. எத்தனை வருசமாக மாற்றவில்லை என்று கேட்டார். நாங்கள் வாங்கின நாளிலிருந்து மாற்றவேயில்லை. பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஒயில் சீக்கிரம் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக் சூடாகி அந்த ஒயில் கொதித்துக் குமிழி வந்தால், நாம் மிதிப்பது ஒயிலை அல்ல, காற்றை. அரை மணித்தியாலம் ஆறவிட்டதும் பிரேக் திரும்பவும் வந்துவிட்டது, அதுதான் ஏமாற்று. சும்மா வளவில் மிதித்துப் பார்த்தால் நல்ல பிரேக் என்றுதான் தெரியும். அதோடு பின் சில்லுகளின் சிலிண்டருக்குள் நின்ற ஈரம் துருவாகி, ரப்பரைக் கிழிக்கத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் கொதிநிலை படிப்பிக்கும் வீட்டில் நடந்த கதை இது.

அன்றிலிருந்து எங்களுக்கென்று சில சட்டங்கள். பிரேக் ஒயில் இரண்டு வருசத்துக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறக்கம். நிறுத்தி வைக்கும்போது ஹாண்ட் பிரேக் போடுவதில்லை, போட்டால் மாதக் கணக்கில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறோம். பெற்றரியைக் கழற்றும்போது முதலில் நெகட்டிவ். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும், 2316 என்றால் 2016இன் 23ஆம் வாரம் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் வயது போன டயரை நோயாளியோடு மலைக்குக் கொண்டுபோவதில்லை. டீசல் டாங்கியை நிரப்பி வைக்கிறோம். பாதி டாங்கியில் வியர்த்துத் தண்ணீர் சேரும். மாதம் ஒரு தடவை அக்கரைப்பற்றுக்குப் போய் வருகிறோம். நிந்தவூரிலிருந்து போய்வர 30 கிலோமீற்றர் அளவில் வரும், என்ஜின் நன்றாகச் சூடாகும். வளவில் நின்றபடி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி ஓஃப் பண்ணுவதால் பெற்றரிதான் இறங்கும், சைலன்சருக்குள் தண்ணீர் சேரும், வேறு பிரயோசனம் இல்லை. அடித்தகடு துருப்பிடிக்காமல் இருக்கப் பழைய என்ஜின் ஒயிலை விசிறச் சொல்லிச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அது பிரேக் ஹோஸையும் மற்ற ரப்பர்களையும் ஊதிப்போகச் செய்யும். நல்ல தண்ணீரால் கழுவுங்கள், அது போதும். எங்கள் பக்கக் கிணறுகள் சில உவர், அந்தத் தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டருக்கும் வேண்டாம்.

இந்த வருசம் தவணைப் பரீட்சை, வினாத்தாள் திருத்தல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாலு மாதம் வேன் நின்றுவிட்டது. எங்கள் சட்டத்தை நாங்களே மீறினோம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாதச் சுற்றுக்கு எடுக்கலாம் என்று கட்டையை நீக்கியபோது, இடப் பக்கப் பின் சில்லின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்தோம். தண்ணீர் இல்லை, பிரேக் ஒயில்.

அதற்கு அடுத்த நாள்தான் அந்தச் சகோதரர் வந்தார்.

அவருடைய வாப்பா திங்கட்கிழமை வாடகை வேனில் சாய்ந்து இருந்துகொண்டு போனாராம். பதியத்தலாவையில் இரண்டு தடவை நிறுத்தினார்களாம். பஸ்ஸில் அழுத எங்கள் வாப்பாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் வெள்ளிக்கிழமை பார்த்ததை ஒரு மாதம் முன்பு பார்த்திருந்தால் அவர் படுத்துக்கொண்டு போயிருப்பார். அந்தக் குறை எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கசியும் பிரேக்கோடு அந்த வேனை அந்த வளைவுகளுக்கு அனுப்ப எங்களால் முடியாது. யார் வாசலில் நின்று கேட்டாலும் முடியாது.

விற்பது பற்றி: இறக்குமதி நின்றிருந்த வருசங்களில் நாங்கள் வாங்கிய விலையை விட மேலே கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை. சாவி உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. அதை அங்கிருந்து எடுக்க எங்களுக்கே கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து சிலிண்டர் செட் புதன்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. இரண்டு பின் சில்லுக்கும் மாற்றி, ஒயில் முழுக்க இறக்கிப் புதிதாக ஊற்றியாயிற்று. நேற்று அக்கரைப்பற்றுக்குப் போய் வந்தோம். இன்று காலை நாலு சில்லுக்கும் கீழே கடதாசி விரித்துப் பார்த்தோம், நாலும் காய்ந்திருந்தது. நாளைக்கும் பார்ப்போம்.

சகோதரரே, இரண்டு தடவை கோல் எடுத்தோம், நீங்கள் எடுக்கவில்லை. இதை யாராவது உங்களுக்குக் காட்டுவார்கள். வாப்பாவின் அடுத்த கிளினிக் திகதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள். முந்தின நாள் மெத்தையை வெயிலில் போட்டு, டீசல் நிரப்பி வைக்கிறோம். ஓட்ட எங்களில் ஒருவர் வருவோம்.