பணம் மிஞ்சினால் என்ன செய்வது?

பணம் இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள் கதை ஊரில் ஆயிரம் இருக்கும். இது பணம் மிஞ்சிப் போய் கஷ்டப்பட்ட ஒருத்தன் கதை. உடனே பொறாமைப்பட வேண்டாம். அந்தப் பணம் முழுக்க கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வெளியே அவனுக்கு ரெண்டு மாச மெஸ் பாக்கி :)

ஆள் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பேர் எதுக்கு, அவன் என்றே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் டிரம்ப் கார்டுக்கு சண்டை போட்டவன். 'அதெல்லாம் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டு அடிச்சுக்கிறாங்க' என்று தெரிந்த பிறகும் பார்ப்பதை நிறுத்தாத கோஷ்டி. அந்தக் கோஷ்டிக்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் ரைலாண்ட் உருவாக்கியது. 2002-ல் 'எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்ச்' என்ற பெயரில் இலவசமாக வந்து உலகம் முழுக்கப் பரவியது. பிறகு காசு கொடுத்து வாங்கும் விளையாட்டாக மாறி, 2005-லிருந்து 'டோட்டல் எக்ஸ்ட்ரீம் ரெஸ்ட்லிங்' என்ற பெயரில் புதுப்புதுப் பதிப்புகள் வந்தன.

இதில் யாரும் யாரையும் தூக்கிப் போட்டு அடிப்பதைப் பார்க்க முடியாது. எல்லாமே எழுத்தும் எண்ணும்தான். விளையாடுபவர் ஒரு மல்யுத்தக் கம்பெனியை நடத்த வேண்டும். யாரை வேலைக்கு எடுப்பது, எவ்வளவு சம்பளம், இன்றைக்கு யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது, இவ்வளவுதான். ஷோ முடிந்ததும் மார்க் வரும். தூரத்திலிருந்து பார்த்தால் எக்ஸெல் ஷீட் மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தால் காக்கா கத்தும்போதுதான் எழுந்திருக்கத் தோன்றும்.

அவன் இருப்பதிலேயே சின்னக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்து ஆரம்பித்தான். கையில் காசு கிடையாது. ஒரு ஷோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசித்தான் ஆட்களைக் கூப்பிட முடியும். பெரிய கம்பெனி நாளைக்கே கூப்பிட்டால் அவர்கள் போய்விடுவார்கள். நூறு டாலர் அதிகம் கேட்டவரை விட்டுவிட்டு, ஐம்பது டாலர் குறைவாகக் கேட்டவரை வைத்து ஷோ நடத்தினான். ஒவ்வொரு மாசக் கடைசியிலும் கணக்குப் பக்கத்தைத் திறக்கும்போது வயிற்றைக் கலக்கும். சிவப்பில் இருந்தால் அடுத்த மாசம் ரெண்டு பேரைக் கழற்றிவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் அவனிடம் ஒரு பழைய ஆள் இருந்தார். விளையாட்டுக்குள் இருக்கும் கற்பனை ஆள்தான். நாற்பதைத் தாண்டிய வயசு, பெரிய பேர் எதுவும் கிடையாது, கூலியும் கம்மி. ஆனால் தொழில் தெரிந்தவர். கத்துக்குட்டியை அவரோடு மோத விட்டால் மார்க் தேறிவிடும். நாலு மாசம் மோதினால் கத்துக்குட்டிக்கே தொழில் பிடிபட்டுவிடும். தோற்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் தோற்பார். டிரெஸ்ஸிங் ரூமில் சண்டை வந்தாலும் அடங்கிவிடும். ரெண்டு வருஷம் கம்பெனி நின்றதே அவர் முதுகில்தான். (விளையாட்டில் ரெண்டு வருஷம். வெளியே ஒரு செமஸ்டர். அரியர் ரெண்டு.)

மூன்றாவது வருஷம் டி.வி. ஒப்பந்தம் கிடைத்தது. அப்புறம் விளம்பரதாரர்கள், டி-ஷர்ட் விற்பனை, பெரிய அரங்கம். ஒரு மாசக் கடைசியில் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் லாபம் மட்டும் ஆறு இலக்கம். அடுத்த மாசம் அதைவிட அதிகம். சில மாசத்தில் கம்பெனி இருப்பு பல மில்லியன் டாலர்.

இங்கேதான் பிரச்னை ஆரம்பித்தது. இவ்வளவு பணத்தை வைத்து என்ன செய்வது?

சும்மா வைத்திருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மார்க் ஷோவுக்குத்தான், வங்கி இருப்புக்கு இல்லை. அதனால் அவனும் எல்லாரும் செய்வதைச் செய்தான். பெரிய கம்பெனிகளில் ஒப்பந்தம் முடியும் நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து ஏலம் எடுத்தான். எதிராளி எவ்வளவு சொன்னாலும் அதற்கு மேலே ஒரு தொகை. முன்பணம், டி-ஷர்ட்டில் பங்கு, போதாததற்கு 'என் கதையை நானே முடிவு செய்வேன்' என்கிற உரிமை வரை எழுதிக் கொடுத்தான். காசுதான் இருக்கிறதே!

ஆறு பெரிய நட்சத்திரங்கள் வந்தார்கள். ஷோ என்னவோ பழைய ரெண்டு மணி நேரம்தான். கடைசி மோதலில் இடம் ரெண்டு பேருக்குத்தான். மீதி நாலு பேருக்கும் கோபம். ஒருத்தர் தோற்க மாட்டேன் என்றார். அவருக்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்தவனே இவன்தான், என்ன சொல்வது? வளர்ந்து வந்த சின்னப் பையன்களுக்கு மோத இடமே இல்லை. டிரெஸ்ஸிங் ரூம் நாறிப்போனது. மார்க் கொஞ்ச நாள் ஏறி, நின்று, இறங்கியது.

நடுவில் ஒரு நாள் ஒரு செய்தி வந்தது. பழைய ஆளின் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போகிறீர்களா என்று. அந்த வாரம் ஒரு நட்சத்திரத்தின் ஏலம் முக்கியமாக இருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டான்.

விளையாட்டில்தானே இப்படி நடக்கும் என்று நினைத்தால், அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. டபிள்யூ.சி.டபிள்யூ கம்பெனியை டெட் டர்னர் 1988-ல் வாங்கினார். பின்னால் டி.வி. சாம்ராஜ்யமே இருந்தது. 1994-ல் ஹல்க் ஹோகன் வந்தார். 1995-ல் திங்கட்கிழமை 'நைட்ரோ' ஆரம்பமானது. 1996 முதல் 1998 வரை தொடர்ந்து 83 வாரம் டபிள்யூ.டபிள்யூ.எஃப்பை ரேட்டிங்கில் தோற்கடித்தார்கள். மோதினாலும் மோதாவிட்டாலும் சம்பளம் உண்டு என்ற ஒப்பந்தங்கள் அங்கே சகஜம்.

பிரெட் ஹார்ட் கதை எல்லாருக்கும் தெரியும். டபிள்யூ.டபிள்யூ.எஃப் 1996-ல் அவரோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டது. மறு வருஷமே பண நெருக்கடி. அவரைப் போகச் சொல்ல வேண்டிய நிலை. டபிள்யூ.சி.டபிள்யூ வருஷத்துக்குச் சுமார் 25 லட்சம் டாலர் கொடுத்துத் தூக்கியது. அந்த டிசம்பரில் அவர்களுடைய பெரிய ஷோவான ஸ்டார்கேடில் அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? நடுவர் வேலை! உலகமே பேசிக்கொண்டிருந்த ஆளை வாங்கிவிட்டு, அவரை வைத்து என்ன செய்வது என்று யோசிக்க மறந்துவிட்டார்கள்.

1995-ல் அதே டபிள்யூ.சி.டபிள்யூ, காயம்பட்டிருந்த ஒரு நடுத்தர ஆளை வேலையை விட்டுத் தூக்கியது. அவர்தான் ஸ்டீவ் ஆஸ்டின். 1998 மார்ச்சில் அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப் சாம்பியன். ஏப்ரலில் அந்த 83 வாரத் தொடர் முறிந்தது. 2000-ம் வருஷம் டபிள்யூ.சி.டபிள்யூவின் நஷ்டம் சுமார் ஆறு கோடி டாலர் என்றார்கள். 2001 மார்ச்சில் சில மில்லியன் டாலருக்குப் போட்டிக் கம்பெனியே அதை வாங்கிவிட்டது.

ஜெயித்தவர்கள் மட்டும் பணத்தை ஒழுங்காகச் செலவழித்தார்களா என்றால் அதுவும் இல்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப் 1999 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. பணம் கொட்டியது. உடனே 2001-ல் என்.பி.சி.யோடு சேர்ந்து எக்ஸ்.எஃப்.எல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. ஒரே சீசனில் மூடினார்கள். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு ரெஸ்டாரண்ட் வேறு. அதுவும் 2003-ல் போய்விட்டது.

காசு இல்லாதபோது ஒவ்வொரு ஆளைப் பற்றியும் யோசித்தாக வேண்டும். 'இவர் எதற்கு, இவரால் யாருக்கு என்ன லாபம்' என்று. காசு மிஞ்சியதும் முதலில் மிச்சமாவது அந்த யோசனைதான். வாங்கினால் போதும் என்று ஆகிவிடுகிறது. ஆனால் ஷோவின் நேரத்தை வாங்க முடியாது. கடைசி மோதலில் மூன்றாவது இடத்தை வாங்க முடியாது.

இது அவனுக்கு லேட்டாகத்தான் புரிந்தது. ரெண்டு நட்சத்திரங்களை ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டான். சின்னப் பையன்களின் கூலியைக் கேட்காமலே ஏற்றினான். பயிற்சிப் பள்ளி ஒன்று ஆரம்பித்தான். மார்க் உடனே ஏறவில்லை. கணக்குப் பக்கத்தில் அதெல்லாம் வெறும் செலவாகத்தான் தெரிந்தது. ஒன்றரை வருஷம் கழித்து, அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஒருத்தன் கடைசி மோதலில் நின்று, ஏலத்தில் எடுத்த எந்த நட்சத்திரமும் வாங்கித் தராத மார்க்கை வாங்கினான்.

அந்தப் பள்ளிக்கு வாத்தியாராக யாரைப் போடலாம் என்று யோசித்தபோதுதான் பழைய ஆள் ஞாபகம் வந்தார். தேடினான். வேறொரு குட்டிக் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். பத்து மடங்கு சம்பளம் கொடுக்கக் கையில் காசு இருந்தது. ஆனால் அவர் பேருக்கு நேரே ஒப்பந்தம் பேசும் பட்டனே இல்லை.

வெறும் எழுத்தும் எண்ணும்தான். இருந்தாலும் அன்றைக்கு அவன் சீக்கிரமாகவே கம்ப்யூட்டரை மூடிவிட்டான்.

அடுத்த வாரம் வீட்டிலிருந்து பணம் வந்தது. ஃபீஸ் கட்டியது போக ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். பழைய ஆளாக இருந்தால் ஹெட்போன் கடைக்கு ஓடியிருப்பான். அன்றைக்கு நேரே மெஸ்ஸுக்குப் போய் நீட்டினான். "இப்ப என்னப்பா அவசரம், மெதுவாக் குடுத்திருக்கலாமே" என்றார் மெஸ் அண்ணன். ரெண்டு மாசமாக ஒரு வேளை கூட அவனைச் சாப்பிட விடாமல் அனுப்பாதவர், பாக்கி என்று ஒரு வார்த்தை கேட்காதவர்.

"இல்லண்ணே, அப்புறம்னு தள்ளிப் போட்டா சரியா வராது" என்றான். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ரெண்டு தோசை வைத்துவிட்டுப் போனார்.