புறாத்தீவுக்குப் போய் வந்தோம்

உல்லாசப் பயணம் என்றவுடன் அது பணம் படைத்தோர்க்குரியது என்று ஒதுங்கிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே பல. மாதச் சம்பளத்தில் இல்லறம் நடாத்தும் ஆசிரியராகிய நாமும் அவ்வாறே ஒதுங்கியிருந்தோம். எம் விடுமுறைகள் கோயில் திருவிழாவோடும் உறவினர் வீட்டுச் சடங்குகளோடும் கழிந்துவிடுவன. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் அவ்வழக்கத்தை மாற்றினோம். திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். செலவைச் சுருக்கிச் செய்த பயணம் அது. ஆங்கு நாம் கண்டதையும், கற்றதையும், நாணியதையும் நேயர்களுக்கு மறையாது கூற விழைகின்றோம்.

இப்பயணத்துக்கு வித்திட்டவன் எம் இளைய மகன். ஏழாந் தரத்திற் படிப்பவன். ஒருநாள் மாலை நாம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவேளை அருகில் வந்து, "அப்பா, நீங்கள் முருகைக்கல்லைப் பாத்திருக்கிறியளோ?" என்று வினவினான். இருபது ஆண்டுகளாகப் புவியியல் கற்பிக்கும் எம்மிடம் கேட்கத்தக்க கேள்வியா இது! முருகைப் பார்கள் தோன்றிய வகைபற்றி டார்வின் 1842ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கையையும், கரையை ஒட்டிய பார், கரையினின்று விலகிய பார், வளையமாய் அமைந்த பார் என்னும் மூவகைப் பாகுபாட்டையும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டியிருப்போம்! "பாக்காமல் என்ன? நெடுந்தீவிலை வேலியெல்லாம் முருகைக்கல்தானே" என்றோம்.

"அது செத்த கல்லெல்லோ அப்பா? உயிரோடை இருக்கிறதைக் கேக்கிறன்" என்றான் அவன்.

எம் கையிலிருந்த சிவப்பு மைப் பேனை சிறிது நேரம் அசையாது நின்றது. அன்றிரவே புறாத்தீவுக்குச் செல்வதென்று முடிவு செய்தோம்.

ஆயினும் ஒரு தடை இருந்தது. எம் இல்லாள் பிறந்தது முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில். அவளுடைய தம்பி, பதினாறு வயதினன், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை ஆழிப்பேரலையோடு போனவன். உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் இரண்டாண்டு கழித்து எமக்குத் திருமணம் நடந்தது. அன்று தொட்டு இன்றுவரை அவள் கடலிற் கால் நனைத்ததை நாம் கண்டதில்லை. கீரிமலைக்குச் சென்றால் கேணியோடு நின்றுவிடுவாள். காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் சவுக்கு மர நிழலிற் கடலுக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பாள். "அம்மாவுக்குக் கடலெண்டால் பயம்" என்று பிள்ளைகளுக்கு நாமே விளக்கமுங் கூறி வைத்திருந்தோம். இப்பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "நீங்கள் மூண்டு பேரும் இறங்குங்கோ. நான் கரையிலை இருந்து உடுப்புப் பாக்கிறன்" என்றாள்.

இனிச் செலவைப் பற்றிச் சில வார்த்தை. சீட்டுப் பணத்திலிருந்து ரூபா 40,000 ஒதுக்கி, நால்வரும் மூன்று நாட்களை இதனுள் அடக்குவதென்று தீர்மானித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா ஊடாகத் திருகோணமலைக்குப் பஸ் வண்டியிற் சென்றோம். கடற்கரை விடுதிகளை எட்டிப் பார்த்ததோடு சரி. நிலாவெளியில் வீதியோரமாய் ஒரு வீட்டில் அறையொன்றை வாடகைக்குப் பெற்றோம். காலையிற் பாணும் சம்பலும், இரவில் இடியப்பம். மதியச் சாப்பாட்டை மட்டும் கடையில் வாங்கினோம். சனி, ஞாயிறு தினங்களில் அங்கே கூட்டம் மிகுதி. ஆதலின் வார நாளையே தெரிந்தெடுத்தோம். படகுக்கு ஆளுக்கென்றன்றிப் படகுக்கென்றே கட்டணம் பேசுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டமையால் அதிற் பாதி எமக்கு மிச்சம்.

நீருள் நோக்குவதற்கான கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கண்ணாடியைத் தெரிவதற்கு ஒரு முறை உண்டு. அதன் வாரை மாட்டாது முகத்தில் வைத்து, மூக்கினால் மூச்சை உள்ளிழுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் அது முகத்தில் ஒட்டி நின்றால் நீர் புகாது. பிள்ளைகளுக்குச் சிறிய அளவினதையே கேட்டு வாங்குதல் வேண்டும். காலமும் அறிந்து செல்ல வேண்டும். வைகாசி முதற் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும்; வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலத்தில் அலை மிகுந்து நீருங் கலங்கிவிடும்.

மறுநாட் காலை எட்டு மணிக்கு முன்னரே கடற்கரையை அடைந்தோம். புறாத்தீவு கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில், பெரிதும் சிறிதுமாய் இரு பாறைத் தீவுகளாய்த் தோன்றும். ஊரார் அதனைப் புறாமலை என்றும் வழங்குவர். மாடப்புறாக்கள் அப்பாறை இடுக்குகளிற் கூடு கட்டுவதனால் வந்த பெயர். 1963இல் இவ்விடம் சரணாலயமாக்கப்பட்டது. 2003இற் சுற்றியுள்ள முருகைப் பார்களோடு சேர்த்துத் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஆகவே வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே செல்லலாம். பொலித்தீன் பைகளுக்கு அங்கே இடமில்லை என்று முன்னரே கேள்விப்பட்டிருந்தமையால், எம் இல்லாள் புளிச்சோற்றை வாழையிலையிற் பொதிந்து துணிப்பையில் எடுத்து வந்திருந்தாள்.

படகோட்டி நிலாவெளியைச் சேர்ந்த இளைஞர். எஞ்சினை முடுக்குமுன், "கல்லுக்கு மேலை மட்டும் நிக்காதேங்கோ சேர்" என்றார். ஆசிரியனுக்கு வாய் சும்மா இருக்குமா? அது கல்லன்று, கடற்சாமந்தியின் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிர்களின் குடியிருப்பு. அவை நீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலினுள்ளே நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, சூரிய ஒளியால் உணவாக்கி அவற்றுக்கும் ஊட்டுகின்றன என்று தீவை அடையும்வரை ஒரு பாடமே நடாத்தினோம். மட்டக்களப்பு நண்பர் தலையசைத்துக் கேட்டார். எம் இல்லாள் படகின் நடுப்பலகையில், இரு கைகளாலும் துணிப்பையை அணைத்தபடி, எமது முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடலைப் பார்க்கவில்லை.

தீவின் மணற்கரை சிறியது. உடைந்த முருகைத் துண்டுகள் காலிற் குத்தும். பிள்ளைகள் இருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்து, படகோட்டியின் கையைப் பற்றி முதலில் இறங்கினர். பின்னர் நாம் இறங்கினோம்.

நீருள் முகத்தைத் தாழ்த்திய அக்கணத்தை எங்ஙனம் விவரிப்போம்! மான்கொம்பு போற் கிளைத்தவை, மேசை போல் விரிந்தவை, பனங்காய் போலத் திரண்டவை எனப் பலவித முருகைகள். அவற்றின் ஊடே மஞ்சளும் நீலமுமாய்ச் சிறுமீன்கள். கிளிமீன் ஒன்று முருகையைக் கடித்து அரைக்கும் ஓசை எம் காதிலும் தெளிவாய் விழுந்தது. சற்றுத் தொலைவிற் செட்டையின் நுனி கறுத்த இளஞ்சுறா ஒன்று தன் வழியே சென்றது. மனிதரை நாடி வந்து தாக்கும் இயல்பு அவ்வினத்துக்கு இல்லை என்பதை நாம் படித்திருந்தோம். ஆனாற் படிப்பு வேறு, நெஞ்சு வேறு.

சுறாவைக் கண்ட பதற்றத்திற் தலை சாய்ந்தது. குழாய்க்குள் நீர் புகுந்தது. உப்பு நீரை விழுங்கினோம். அவ்வேளை பலமாய் ஊதினால் நீர் வெளியேறிவிடும் என்று கரையிற் சொல்லித் தந்திருந்தார்கள். அது நினைவுக்கு வரவில்லை. அங்கி எம்மைத் தாங்கி நிற்கிறது என்பதும் நினைவில் இல்லை. தரை தேடி இரு கால்களையும் ஊன்றினோம். காலடியில் ஏதோ "சடக்" என்று முறிந்தது. வலது பாதம் நெருப்பாய் எரிந்தது. மார்பளவு நீரில், உயிருள்ள முருகையின் மேல், முன்னே செல்லவும் பின்னே திரும்பவும் அஞ்சி நின்றோம். அசைந்தால் மேலும் முறியும். அசையாவிடின் கால் வெட்டும். படகோட்டியோ பிள்ளைகளோடு தொலைவில் இருந்தார்.

அப்போது கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "இஞ்சருங்கோ! காலை உதறாதேங்கோ. மல்லாந்து படுங்கோ. தண்ணி தாங்கும்."

திரும்பிப் பார்த்தோம். எம் இல்லாள் உடுத்த உடையோடு நீருள் நடந்து வந்துகொண்டிருந்தாள். முழங்காலளவு, இடுப்பளவு, மார்பளவு. முருகைகளின் இடையே மணல் தெரிந்த வழியை அறிந்து, அதிலே மட்டும் காலூன்றி வந்தாள். நாம் சொற்படி மல்லாந்தோம். எம் அங்கியின் தோட்பட்டையைப் பற்றி, கன்றை இழுத்து வருவது போல எம்மைக் கரைக்கு இழுத்து வந்தாள். கைநடுக்கம் எமக்கே இருந்தது, அவளுக்கு இல்லை. இவளையா "கடலெண்டால் பயம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தோம்? கடலோடு பிறந்து வளர்ந்தவள் அவள். கடலோடு பேசாதிருந்தாள்; அவ்வளவே. பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் இவ்வேறுபாட்டை நாம் உணராதிருந்தமைக்கு நாணினோம்.

நன்னீரால் எம் காயத்தைக் கழுவித் துணி சுற்றியபின் அவள் கரையில் அமரவில்லை. மீண்டும் இடுப்பளவு நீரிற் போய் நின்றாள். மூத்தவள் நீந்தி வந்து, ஒன்றும் பேசாது, தன் கண்ணாடியைக் கழற்றித் தாயிடம் நீட்டினாள். எம் இல்லாள் அதனை அணிந்து, மகளின் தோளைப் பற்றியபடி முகத்தை நீருள் தாழ்த்தினாள். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் நீர் நிரம்பியிருந்தது. அது கடல்நீரோ அன்றோ நாம் அறியோம்.

"அடியிலை ஒரு ஊரே இருக்கெண்டு தம்பி சொல்லுறவன். நான் நம்பேல்லை" என்றாள்.

படகோட்டி திரும்பி வந்து, முறிந்த கிளையைக் கண்டார். அதனை எடுத்துப் பாறை இடுக்கொன்றிற் பத்திரமாய்ச் செருகினார். "நீங்கள் படகிலை சொன்னதெல்லாம் சரிதான் சேர்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. இதனினும் கடுமையாய் எம்மை எந்தக் கல்வி அதிகாரியும் கண்டித்ததில்லை.

நிற்க. 1998ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறியதால் இலங்கையின் முருகைப் பார்கள் பல வெளிறி மாண்டன. இக்கரைப் பார் அவ்வாண்டு பெரும்பாலும் தப்பியது. நீர் வழமையினும் ஓரிரு பாகை சில கிழமைகள் சூடேறினாலே போதும். முருகை தன்னுள் வாழும் பாசியை வெளித்தள்ளி, நிறமிழந்து பட்டினி கிடக்கும். திரண்ட வகை முருகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளர்வன. அத்தகைய உயிரை நாம் ஒரு நொடியில் மிதித்து முறிக்கிறோம். நாள்தோறும் வருவோர் ஒவ்வொருவரும் எம்மைப்போல் ஒரு காலை ஊன்றினால் என்னாகும்? ஆதலின் அங்கு செல்லும் நேயர்கள், முதலில் மணற்றரையில் இடுப்பளவு நீரில் நின்று மூச்சுக் குழாயோடு பழகிக்கொள்க, அங்கியை நம்புக, பயம் வந்தால் நிற்க முயலாது மல்லாந்து மிதக்க.

அன்றிரவு கணக்குப் பார்த்தபோது ஊர் திரும்பப் போதிய பணம் மிஞ்சியிருந்தது. மறுநாட் கோணேசரையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் தரிசித்துவிட்டுப் புறப்படலாம் என்றோம். இல்லாள் சற்றுத் தயங்கி, "விடியக் காலமை ஓங்கில் பாக்கப் படகு போகுமாம். போவமோ?" என்று கேட்டாள். அது எம் திட்டத்தில் இல்லாத செலவு. நாம் வாய் திறக்குமுன் அவளே கைப்பையிலிருந்து ரூபா 6,000 எடுத்து வைத்தாள். அது தையற் கூலியிற் சேர்த்த பணம்.

திருகோணமலைக் கரையருகே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. திமிங்கிலங்கள் கரையை அண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். எமக்குத் திமிங்கிலம் காட்சி தரவில்லை. ஓங்கில்களோ கூட்டமாய் வந்து, நீருக்கு மேலெழுந்து பம்பரம் போற் சுழன்று வீழ்ந்தன. பிள்ளைகள் ஆரவாரித்தனர். எம் இல்லாள் படகின் முன்னணியத்தில் அமர்ந்திருந்தாள். இம்முறை எம் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னியாவுக்குச் சென்றபோது, தம்பியின் பேரைச் சொல்லி அவள் நீர் இறைத்து விட்டதைப் பார்த்து நின்றோம்.

பாதத்துக் காயம் ஆற மூன்று கிழமை சென்றது. மூன்றாந் தவணையில் முருகைப் பாடம் வந்தபோது வழமைபோல மூவகைப் பாரையும் கரும்பலகையில் வரைந்தோம். வரைந்து முடித்தபின், ஒரு கிளையை நாமே முறித்த கதையையும் மாணவர்க்குச் சொன்னோம். அன்றுதான் அவ்வகுப்பில் எவரும் கொட்டாவி விடவில்லை.