நத்தாருக்குப் பனி பெய்யுமா?

டிசம்பர் பிறந்துவிட்டால், ரொறொன்ரோவில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்வி இரண்டு விதமாகக் கேட்கப்படும். "இந்த முறை நத்தாருக்கு ஸ்னோ வருமோ?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "இந்த முறை ஸ்னோ கூடவோ?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சொற்கள் ஏறத்தாழ ஒன்றுதான். முன்னதில் இருப்பது ஆசை. பின்னதில் இருப்பது கவலை. இரண்டுக்கும் விடை சொல்லவேண்டியவர்களாக நடுவில் அகப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் நாங்கள்.

ஸ்காபரோவில் எங்கள் தெருவைச் சற்றே விவரித்தால் இந்தக் கவலை விளங்கும். ஒரு வீட்டு அக்கா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்கிறார். இன்னொரு வீட்டில் தகப்பனும் மகனும் ஒரே காரை முறை வைத்து ஓட்டி உணவு விநியோகம் செய்கிறார்கள். மூலை வீட்டு அண்ணை குளிர்காலத்தில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவர். பனி கொட்டினால்தான் அவருக்கு வருமானம். வெறும் நிலமாகக் கிடந்தால் வங்கிக் கடனுக்கு வேறு வழி பார்க்கவேண்டும். ஆக, பனியை நம்பியிருப்பவர்களும் பனிக்கு அஞ்சுபவர்களும் ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் வாழ்கிறார்கள். வானிலை அறிக்கை எங்களுக்குப் பொழுதுபோக்கன்று. அது வீட்டு வரவு செலவின் ஒரு பகுதி.

வெள்ளை நத்தார் என்று எதைச் சொல்வது என்பதற்குக் கனடாவின் சுற்றுச்சூழல் துறை ஒரு வரையறை வைத்திருக்கிறது. டிசம்பர் 25 காலை 7 மணிக்கு நிலத்தில் குறைந்தது 2 சென்ரிமீற்றர் பனி கிடக்கவேண்டும். அன்று பெய்யவேண்டும் என்பதில்லை. ஒரு வாரத்துக்கு முன்னர் பெய்து இறுகிக் கிடந்தாலும் கணக்கில் சேரும். பிரித்தானியாவின் கணக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே அந்த நாளின் 24 மணி நேரத்தில் ஒரேயொரு பனித்துகள் விழுவதைக் கண்டுவிட்டால் போதும்; நிலம் நனைந்து கறுத்துக் கிடந்தாலும் அது வெள்ளை நத்தார்தான். இலண்டனில் இருக்கும் சித்தி ஒருமுறை தொலைபேசியில் பெருமையோடு செய்தி சொன்னார். "எத்தனை அங்குலம் சித்தி?" என்று எங்கள் மூத்தவள் கேட்டாள். "அங்குலமோ? ரெண்டு பொட்டு விழுந்தது பிள்ளை, நான் கண்ணாலை கண்டனான்" என்றார் சித்தி. இரண்டு நாடுகளின் கணக்கும் எங்கள் ஒரே குடும்பத்துக்குள் இருக்கின்றன.

கனடா என்றாலே பனி என்று நினைப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ரொறொன்ரோவில் வெள்ளை நத்தாருக்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். காரணம் தெற்கே விரிந்து கிடக்கும் ஒன்ராறியோ ஏரி. அதன் மிகையான ஆழம் 244 மீற்றர். அவ்வளவு நீர் கோடையில் வாங்கிய வெப்பத்தை எளிதில் விட்டுவிடுவதில்லை. ஏரி முழுவதும் உறைவது மிக அரிது. டிசம்பரில் தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று ஏரியைக் கடந்து வந்தால், பனியாக விழவேண்டியது கரையோரத்தில் மழையாக விழும். அதே மணியில், நகரின் வடக்கே மேட்டு நிலத்தில் வெண்பனி கொட்டிக்கொண்டிருக்கும். மார்க்கம் நகரில் இருக்கும் மாமி, "இஞ்சை முழங்கால் மட்டும் கிடக்கு" என்பார். நாங்கள் குடையோடு நிற்போம்.

ஏரி இப்படிக் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். மேற்கிலிருந்து வரும் குளிர்காற்று ஈரி ஏரியின் நீளவாட்டில் ஓடி, அதன் ஈரத்தையெல்லாம் வாரிக்கொண்டுபோய் அமெரிக்கக் கரையின் பஃபலோ நகரில் கொட்டும். 2022 நத்தார் வாரத்தில் நடந்தது அதுதான். அந்தப் பனிப்புயலில் அங்கே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காருக்குள் அகப்பட்டு இறந்தவர்கள் உண்டு. தெருவில் விழுந்து கிடந்தவர்களும் உண்டு. காரில் போனால் எங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுதான். பிள்ளைகளின் ஆசையைக் கேட்டு நாங்கள் சிரிப்பது அந்த வாரத்துக்குப் பின்னர் சற்றுக் குறைந்துவிட்டது.

இனி முன்னறிவிப்புப் பற்றி. இலையுதிர் காலம் முடியுமுன்னரே, 'இந்தக் குளிர்காலம் எப்படி இருக்கும்' என்ற செய்திகள் வரத்தொடங்கிவிடும். அவற்றை நாங்கள் நெடுங்காலம் நாளறிக்கையைப் போலவே படித்துவந்தோம். உண்மையில் பருவகால அறிக்கை வேறு வகையானது. மூன்று மாதச் சராசரி வழக்கத்தைவிடக் கூடுமா, குறையுமா, அல்லது வழக்கம்போல் இருக்குமா என்ற மூன்று பிரிவுகளுக்கும் எத்தனை வீதம் வாய்ப்பு என்று மட்டுமே அது சொல்லும். எதுவுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீதம். ஒன்று 50 வீதத்தைத் தொட்டால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே பொருள். டிசம்பர் 25 என்ற தனியொரு நாளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, வளிமண்டலத்தில் தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடும் நாளடைவில் பெருகி முடிவையே மாற்றிவிடும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963-இல் கணிதத்தால் காட்டினார். இரண்டு வாரத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையைச் சொல்வதற்குப் பெரும்பாலும் வழியில்லை.

ஆனாலும் சில சாய்வுகள் உண்டு. பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டுப் பகுதி சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் தென் ஒன்ராறியோவின் குளிர்காலம் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். 2015 நத்தாருக்கு முதல் நாள் இங்கே வெப்பநிலை 15 பாகையை ஒட்டியிருந்தது. மேலங்கி இல்லாமல் தெருவில் நடந்தோம். 2023-உம் எல் நினோ ஆண்டு. அந்த நத்தாரும் பச்சைப் புல்லோடு கழிந்தது.

எங்கள் அம்மாவுக்கு இந்த வீதக் கணக்குகளில் நம்பிக்கை இல்லை. கமக்காரர் வீட்டில் பிறந்தவர். மார்கழியில் வானம் பார்ப்பது அவருக்குப் பிறந்த ஊர்ப் பழக்கம். மார்கழியின் பிற்பகுதியில் இரு வாரம் முகில்கள் ஓடும் விதத்தைப் பார்த்து வரும் ஆண்டின் மழையைக் கணிப்பதைக் கர்ப்போட்டம் என்பார்கள். பஞ்சாங்கங்களிலும் அது உண்டு. பலகணியில் நின்று ஸ்காபரோ முகில்களையும் அவர் அப்படியே பார்க்கிறார். வட அமெரிக்கருக்கும் இப்படியொரு பஞ்சாங்கம் இருக்கிறது. 1792-இல் தொடங்கிய 'ஓல்ட் ஃபார்மர்ஸ் அல்மனாக்' அது. இரண்டையும் அறிவியலோடு சேர்த்து எண்ண முடியாது. ஆனால் மனிதன் விதைக்குமுன் வானத்தைக் கேட்டுப் பார்த்த பழைய பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

நத்தாருக்கும் பனிக்கும் என்ன உறவு என்று எங்கள் சின்னவன் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்வி. விவிலியத்தின் பிறப்புக் கதையில் பனி இல்லை. பெத்லகேமில் பனி பெய்வதுண்டு, ஆனால் அரிதாகத்தான். இந்தக் காட்சி வட ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1843-இல் வெளிவந்த டிக்கன்ஸின் 'எ கிறிஸ்மஸ் கரோல்' அதை உலகெங்கும் பரப்பியது. நூறு ஆண்டு கழித்து 'வைட் கிறிஸ்மஸ்' என்ற பாடல் அதை நிலைநிறுத்தியது. பிங் கிராஸ்பி 1942-இல் திரைப்படத்தில் பாடிய அப்பாடலை எழுதியவர் இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசில் பிறந்து சிறுவனாக அமெரிக்காவுக்குப் பெயர்ந்த யூதர். 1928 நத்தார் நாளில் பச்சிளம் மகனைப் பறிகொடுத்தவர். போர்முனையில் இருந்த படைவீரர்கள் அப்பாடலை விரும்பிக் கேட்டார்கள். ஆக, வெள்ளை நத்தாரின் புகழ்பெற்ற பாடல் பனிக்குள் இருந்தவர்களுடையதன்று. வீட்டைவிட்டுத் தொலைவில் இருந்தவர்களுடையது.

எங்கள் ஊரிலும் அப்படித்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அயல்வீட்டு நத்தார் மரம் சவுக்குக் கிளைதான். அதன்மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டினால் பனி. வியர்த்த கையில் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். பனியையே கண்டிராத ஊரில் அந்தப் பஞ்சை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

நாங்கள் அறிந்த பனி வேறு. மார்கழிக் காலையில் புல்லில் கிடக்கும் ஈரம். தலையில் துணி கட்டாமல் வெளியே போனால் ஏச்சு விழும். தொல்காப்பியர் முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவம் பிரித்தது அந்தப் பனிக்குத்தான். அதே சொல்லை இங்கே முழங்காலளவு வெண்மைக்கும் வைத்துக்கொண்டோம். ஒரு சொல் அவ்வளவு தொலைவு வந்ததே என்று நினைக்கையில், அச்சொல்லின் பழைய பொருள்களும் நினைவுக்கு வருகின்றன. பனித்தல் என்றால் நடுங்குதல். கண் பனித்தல் என்றால் கண்ணீர் அரும்புதல். குளிரும் அச்சமும் கண்ணீரும் தமிழில் முன்னரே ஒரு சொல்லுக்குள் இருந்தன. பிள்ளைகளின் ஆசையை மட்டும் நாங்கள் இங்கு வந்து சேர்த்திருக்கிறோம்.

அச்சத்துக்கும் ஆண்டுகள் உண்டு. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் பெய்தது பனியன்று. விழுந்த இடத்திலேயே உறைந்த மழை. மரங்கள் கண்ணாடியாகி முறிந்தன. நகரில் சுமார் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. எங்கள் வீட்டில் மின்சாரம் திரும்பியது நத்தாருக்கு மறுநாள். பாலையும் இறைச்சியையும் பலகணியில் வைத்தோம். வீட்டுக்குள் கரி மூட்டவேண்டாம் என்று வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. "மின்சாரம் இல்லாமல் இருக்கிறது எங்களுக்குப் புதுசே?" என்று அம்மா சிரித்தார். போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காக இருட்டில் இருந்தவர் அவர்.

2004 நத்தார் இரவு அதைவிட நீண்டது. இங்கே 25-ஆம் தேதி விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வேளை, இலங்கையின் கிழக்குக் கரையில் 26 காலை விடிந்திருந்தது. கடல் வந்துவிட்டது என்ற செய்தி, நத்தார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்த அறைக்குள் வந்தது. தொலைபேசி எண்களை விடியும்வரை அழுத்தினோம். இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு நத்தார் இரவும், பிள்ளைகள் உறங்கிய பின்னர், அம்மா ஒரு விளக்கேற்றுகிறார். வெளியே பனி கிடக்கிறதா இல்லையா என்பதை அந்த நேரத்தில் நாங்கள் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் சுமந்துகொண்டு பிள்ளைகளின் ஆசையை ஏன் பொருட்படுத்துகிறோம் என்று கேட்கலாம். அது அவர்களுடைய ஊர் என்பதால்தான். எங்களுக்குப் பனையும் வெயிலும் எப்படியோ, இங்கே பிறந்தவர்களுக்குச் சறுக்குப் பலகையும் கையுறையும் அப்படி. அந்த ஊர் இப்போது மெல்லக் கரைகிறது. குளிர்காலங்கள் சூடேறிவருகின்றன. ஒட்டாவாவின் ரிடோ கால்வாய்ச் சறுக்குத்தளம், 1970-இல் தொடங்கிய நாள் முதல் ஒரு பருவமும் தவறாமல் திறந்தது, 2022-23 குளிர்காலத்தில் முதல்முறையாகத் திறக்கப்படவேயில்லை. நாங்கள் ஊரை விட்டு வந்தவர்கள். எங்கள் பிள்ளைகளோ இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்; அவர்கள் அறிந்த ஊர் அவர்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இதற்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எங்கள் அனுபவத்தில் பாடம் எதுவும் இல்லை.

ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. உறைமழைக்கு அடுத்த ஆண்டு, மூத்தவள் பள்ளி அளவுகோலை எடுத்துக்கொண்டு நத்தார் காலை ஏழு மணிக்குப் பின்வளவுக்குப் போனாள். அளவைக் குறிப்பேட்டில் எழுதினாள். அவள் பல்கலைக்கழகம் போனபின் சின்னவன் அளக்கிறான். 2015-க்கு நேரே ஒரு சுழியமும் 'மண்புழு கண்டோம்' என்ற குறிப்பும் இருக்கின்றன. 2022-இல் காற்று ஒரு பக்கத்தை வழித்து மறுபக்கத்தில் குவித்திருந்ததால், எங்கே அளப்பது என்று இருவரும் சண்டை பிடித்தார்கள்; இரண்டு அளவுகளும் ஏறின. இடம்பெயர்ந்தபோது எங்களால் எதையும் அளந்து எழுதிவைக்க முடியவில்லை. கிணற்றின் ஆழத்தையும் முற்றத்து மாமரத்தின் வயதையும் இன்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறோம். இவர்களுக்காவது எழுத்தில் இருக்கும்.

இந்த ஆண்டுக்கான வரியில் தேதியை எழுதி இடம் விட்டிருக்கிறான் சின்னவன். மூலை வீட்டு அண்ணையிடம் எத்தனை சென்ரிமீற்றர் வேண்டும் என்று கேட்டோம். "நத்தாருக்கு ரெண்டு போதும். மிச்சத்தைத் தையிலை தரட்டும்" என்றார். எங்கள் வேண்டுதலும் அதுதான். இரவு வேலைக்காரர்கள் வீடு வந்து சேர்ந்த பின்னர் பெய்யத் தொடங்கி, ஏழு மணிக்குள் இரண்டைத் தொட்டுவிட்டு நிற்கட்டும்.