நாற்றங்காலும் புழுதி விதைப்பும்

குருமடத்திற்கு இலத்தீன் மொழியில் வழங்கும் 'செமினாரியும்' என்னும் சொல்லுக்கு நாற்றங்கால் என்பது பொருள். 1563-ஆம் ஆண்டில் திரிதெந்தின் பொதுச்சங்கம், குருக்களை உருவாக்க மறைமாவட்டந்தோறும் ஓர் இல்லம் அமைய வேண்டுமெனப் பணித்தபோது இச்சொல்லையே கையாண்டது. 12 வயது நிரம்பிய சிறுவரை உலகின் இரைச்சலினின்று விலக்கி, செபத்திலும் கல்வியிலும் வளர்த்து, பின்னர் மக்களிடையே கொண்டுபோய் நடுவது அதன் நோக்கம். நாமும் அந்நாற்றங்காலில் வளர்ந்தவரே. அதற்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது.

ஆயினும் உழவர் அறிந்த வேறொரு முறையும் உண்டு. மழையை நம்பி வாழும் வறண்ட சீமைகளில் நாற்றுப் பாவுவதில்லை. மழைக்கு முன்னரே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். விதை விழுந்த இடத்திலேயே முளைத்து, அங்கேயே வேரூன்றும். பிடுங்கலும் இல்லை, மறுநடவும் இல்லை. நகரங்களில் இறைப்பணிக்கென நாம் உருவாக்கும் பொதுநிலையினரைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் இந்தப் புழுதி விதைப்பே நம் நினைவுக்கு வருகிறது.

நாம் பணியாற்றும் வடசென்னைப் பங்கில் மாலைநேர விவிலியப் பள்ளி ஒன்று நடைபெறுகிறது. வாரத்தில் இரு நாள்கள், இரவு ஏழரை முதல் ஒன்பது மணி வரை வகுப்பு. துறைமுகத்தில் சுமை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர், மருத்துவமனை ஆயா, கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாள், ஓய்வுபெற்ற ஆசிரியை எனப் பலரும் ஒரே பெஞ்சில் அமர்கின்றனர். ஈராண்டுப் பயிற்சி முடித்தோர் அன்பியங்களை வழிநடத்துகின்றனர், நோயாளரைச் சந்திக்கின்றனர், இழவு வீடுகளில் செபம் சொல்கின்றனர்.

இப்பயிற்சியை நகருக்கு வெளியே உள்ள தியான இல்லம் ஒன்றிற்கு மாற்றி, மூன்று வாரத் தங்கிப் படிக்கும் வகுப்பாக்கிச் சான்றிதழும் வழங்கலாம் என்றொரு யோசனை அண்மையில் எழுந்தது. அமைதி கிடைக்கும், நூலகம் கிடைக்கும், நல்ல பேராசிரியர்களும் கிடைப்பார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த யோசனை அது. ஆனால் மூன்று வாரம் கூலியை இழக்க யாரால் இயலும்? ஆசிரியை செல்வார், சித்தாள் செல்லமாட்டார். அப்படியாயின் நாம் மாற்றுவது இடத்தை மட்டுமன்று, மாணவரையே மாற்றிவிடுகிறோம்.

இச்சிக்கல் திருச்சபைக்குப் புதிதன்று. புனித பவுல் எபேசு மாநகரில் திரன்னு என்பவருடைய கூடத்தில் ஈராண்டுக் காலம் நாள்தோறும் கற்பித்தார் எனத் திருத்தூதர் பணிகள் நூலின் 19-ஆம் அதிகாரம் கூறுகிறது. நகரத்து விவிலியப் பள்ளிகளுக்கெல்லாம் தாய்ப்பள்ளி என்று அதனைச் சொல்லலாம். இவ்விடத்தில், பெசா சுவடி எனப்படும் பழைய கையெழுத்துப்படி ஒரு சிறு செய்தியைச் சேர்த்துத் தருகிறது: அவர் கற்பித்தது ஐந்தாம் மணியிலிருந்து பத்தாம் மணி வரையாம். நம் கணக்கில் முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை. வெயில் தகிக்க, ஊரே வேலையை நிறுத்தி ஓய்வெடுக்கும் வேளை அது. மற்ற முதன்மையான சுவடிகளில் இக்குறிப்பு இல்லை. எனினும் அது பொருத்தமற்றதாகத் தோன்றவில்லை. தம் தேவைகளுக்காகத் தம் கைகளே உழைத்தன என்று எபேசின் மூப்பர்களிடம் பவுலே பின்னர் நினைவூட்டினார் அன்றோ? உழைப்பவர்க்கு எந்நேரம் கிடைக்குமோ அந்நேரமே அவர்தம் பள்ளிநேரம்.

அதே எபேசில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ சொல்வன்மை மிக்கவர். மறைநூலில் புலமை பெற்றவர். ஆயினும் யோவானின் திருமுழுக்கு ஒன்றையே அவர் அறிந்திருந்தார். அவரைத் தங்களோடு அழைத்துச் சென்று, ஆண்டவரின் நெறியை இன்னும் திருத்தமாக விளக்கியவர்கள் கூடாரம் செய்து பிழைத்த பிரிஸ்கில்லாவும் அவர் கணவர் அக்கிலாவும். புலவருக்குத் தொழிலாளர் ஆசிரியராயினர். புலவரும் அமர்ந்து கேட்டார்.

அப்பொல்லோவின் இடத்தில் நாமும் அமர்ந்ததுண்டு. திராட்சைத் தோட்ட வேலையாள்கள் உவமையை ஒருநாள் வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தோம். மாலை ஐந்து மணி வரை வேலையின்றி நின்றவரைப் பற்றிய பேச்சு வந்தது. அவர்கள் சோம்பேறிகளாய் இருந்திருப்பார்களோ என்று ஒருவர் கேட்டார். பின்வரிசையில் இருந்த சித்தாள் தலை நிமிர்ந்தார். "சோம்பேறி இல்லீங்க சாமி. சோம்பேறின்னா காலையிலேயே வீட்டுக்குப் போயிருப்பான். பத்து மணிக்கு மேல எவனும் கூப்பிட மாட்டான்னு அவனுக்கும் தெரியும். வெறுங்கையோட பிள்ளைங்க முகத்துல முழிக்க முடியாமத்தான் நின்னுக்கிட்டே இருந்திருப்பான்" என்றார்.

வகுப்பு அமைதியாயிற்று. அந்த உவமையில் இறைவனின் தாராளத்தைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். அத்தாராளம் எத்தகைய மனிதனின் கையில் வந்து விழுந்தது என்பதை அன்றுதான் கண்டோம். கூலிக்கு ஆள் எடுக்கும் முச்சந்தியில் விடியற்காலை நின்றறிந்த ஒருவர் இல்லாத வகுப்பில் இவ்விளக்கம் பிறந்திராது.

எனினும் புழுதி விதைப்பில் களை மிகுதி என்பதையும் மறைத்தற்கில்லை. களைப்பால் கண் சொக்குவோர் உண்டு. ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து அயலாரை அச்சுறுத்துவோர் உண்டு. திருவெளிப்பாடு நூலை நாள்காட்டிபோல் புரட்டுவோரும் உண்டு. எனவே களையெடுப்பு தவறக்கூடாது. எப்பகுதியை எடுத்தாலும், இது எவ்வகை இலக்கியம், யாருக்கு எழுதப்பட்டது, முன்னும் பின்னும் உள்ளது என்ன என்ற மூன்று கேள்விகளையும் கேளாமல் எவரும் விளக்கத் தொடங்குவதில்லை. முதலாண்டு முழுவதும் எவரும் கூட்டத்தில் உரையாற்றுவதுமில்லை. வாரம் ஒரு நோயாளி வீட்டிற்குச் சென்று, அமர்ந்து, கேட்டுவர வேண்டும், அவ்வளவே. உள்ளத்தில் இறைவார்த்தைக்குச் செவிசாய்க்காதவர் வெளியே வெறும் போதகராகவே இருப்பார் என்னும் புனித அகுஸ்தினாரின் எச்சரிக்கையை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாட்டைப் பற்றிய தன் ஏட்டில் நினைவூட்டியிருக்கிறது.

மற்றொரு களையும் உண்டு. அதை விதைப்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆசிரியரே. சில மாதங்கள் படித்ததும் மாணவரின் பேச்சு மாறிவிடுகிறது. நேற்றுவரை "என்னண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவர் இன்று "ஆண்டவருக்குள் அன்பார்ந்தவரே" என்கிறார். அவர் தம் தெருவிலிருந்து ஓரடி விலகிவிட்டார் என்பதற்கு அதுவே அடையாளம். தெருவின் மொழியை இழந்தவர் அத்தெருவில் ஆறுதல் சொல்வது எப்படி?

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். குருக்கள் அரிதாகவே வந்து போன ஊர்களில் விசுவாசத்தைக் கட்டிக்காத்தவர் வேதியரே. அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் 1727-இல் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை இயற்றினார். 2021 மே 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபை முழுவதற்கும் உரிய பொதுநிலையினர் திருப்பணியாக ஏற்படுத்தியபோது, அம்மக்களின் நெடுநாள் உழைப்பே மதிப்புப் பெற்றது எனலாம்.

நாற்றங்கால் வேண்டாம் என்பதன்று நம் கருத்து. குருக்களுக்கு அது வேண்டும். ஆனால் எல்லாப் பயிரையும் நாற்றங்காலில் வளர்க்க முற்பட்டால், பிடுங்கும்போதே வேரறுந்து போகும் பயிர்களும் உண்டு. தங்கள் பங்கில் விவிலியப் பள்ளி தொடங்க விரும்புவோர் பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் தேடுமுன், பங்கிலேயே மிகக் கடினமாக உழைக்கும் ஒருவரிடம் சென்று, "உங்களுக்கு எந்நேரம் ஒழியும்?" என்று கேட்கட்டும். அவர் சொல்லும் நேரத்தில் விளக்கேற்றி வகுப்பைத் தொடங்கட்டும். விதையைப் புழுதியில் இடுவதே நம் பணி. மழையைத் தருபவர் ஆண்டவர்.