வாவியில் இறங்கும் விண்மீன்கள்

மே 14

பகல் முழுவதும் வீசிய கச்சான் காற்று மாலையில்தான் அடங்கியது. மண்முனைப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்கே படுவான்கரையில் விண்மீன்களைப் படமெடுக்க இடம் பார்த்தேன். கிழக்கே எழுவான்கரைப் பக்கம் ஊர் வெளிச்சத்தில் வானம் வெளிறிக் கிடக்கிறது. வாவி நீளும் தெற்குத் திசை மட்டும் இன்னும் இருட்டு. எனக்கு வேண்டியதும் தெற்குதான். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கே இருப்பதால், தென்சிலுவை இங்கே நீருக்கு மேல் சுமார் 22 பாகை உயரத்துக்கு ஏறும். மே நடுவில் இரவு 9 மணிக்கு நிமிர்ந்து நிற்கும்.

மே 16, அமாவாசை

காற்றே இல்லை. நீரிலும் சிலுவை தெரிந்தது.

10 செக்கன் வீதம் ஒரே சட்டகத்தில் படங்கள் எடுத்துக்கொண்டே போனேன். இறாலுக்குத் தோணி தள்ள வந்த பெரியவர் நின்று பார்த்தார். “என்ன மனே, ஒரே படத்தையே திரும்பத் திரும்பப் புடிக்காய்?”

“ஒண்டில எல்லாம் தெரியாது மாமா. எல்லாத்தையும் சேர்த்தாத்தான் தெரியும்.”

கமராத் திரையைப் பெரிதாக்கிக் காட்டினேன். விண்மீன்களுக்கிடையே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். இரைச்சல் என்று நாங்கள் சொல்லும் அந்தப் புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறும்; விண்மீனின் ஒளி மாறாது. படங்களைச் சராசரி எடுத்தால் இரைச்சல் அமுங்கும், ஒளி நிலைக்கும். 16 படம் சேர்த்தால் இரைச்சல் நான்கில் ஒன்று. 64 சேர்த்தால் எட்டில் ஒன்று. இரட்டிப்புத் தெளிவுக்கு நான்கு மடங்கு படம் வேண்டும். ஒரு படத்தில் மட்டும் கோடிழுத்துப் போகும் செய்மதியைக் கணினி தானே தள்ளிவிடும். நம் ஊர்ச் சூட்டில் கமராவின் உணரியும் புள்ளிகளைக் கக்கும்; லென்ஸை மூடி, அதே 10 செக்கனுக்கு இருட்டுப் படங்களும் எடுத்துக் கழிக்க வேண்டும்.

பெரியவர் கேட்டு முடித்து, விளக்கைத் தோணிக்குள் மறைத்துவைத்துக்கொண்டு போனார். அந்த அன்பை எந்தப் படத்தில் காட்டுவேன்?

மே 17

இன்று முழுதும் கணினி முன்னால். படங்களை விண்மீன்களுக்குப் பொருத்தி அடுக்கினால் கரையோரக் கண்டல் மரங்கள் கலங்குகின்றன. மரங்களுக்குப் பொருத்தினால் விண்மீன்கள் கோடாகின்றன. இந்தச் சிக்கலை எல்லோரும் சந்திப்பார்கள். வானம், நிலம் என்று இரண்டாக அடுக்கி இணைத்துவிடலாம். வாவியோ மூன்றாவது அடுக்கையும் கேட்கிறது. மேலே விண்மீன் ஏற, நீரில் அதன் நிழல் கீழே இறங்குகிறது. மேலே வலஞ்சுழியாகச் சுற்றுவது கீழே இடஞ்சுழி. ஆகவே நீர்ப்பகுதியைத் தனியே வெட்டி, தலைகீழாகப் புரட்டி, நிழல் விண்மீன்களை ஒன்றோடொன்று பொருத்தினேன். சிலுவையின் இடுப்போரம் இருண்டு கிடக்கும் தூசிமேகம், கரிமூட்டை என்பார்களே, அது நீரிலும் மங்கலாகத் தெரிந்தது!

வேறோர் இரவின் வானத்தை நம் வாவிக்கு மேல் ஒட்டும் படங்களை என்னால் ஏற்க முடிவதில்லை. என் மூன்று அடுக்குகளும் ஒரே இடத்தில், ஒரே இரவில் எடுத்தவை. அங்கு இல்லாத ஒளி ஒரு துளியும் இதில் இல்லை.

மே 20

பிறை வளர்கிறது. கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்து நிலவு தேயும்வரை வேலையில்லை. ஜூனில் அந்தி கருக்கும்போதே சிலுவை உச்சியில் நிற்கும், நேரம் போதாது. அடுத்தது ஒமேகா சென்டோரி: சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் இலட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட கொத்து. அது 35 பாகை உயரம் வரை வரும். அதற்கு நீர்நிழல் வேண்டாம்; நீர் கலங்கினாலும் கவலையில்லை.